யார் தலையில் பழி?

ஒரு வேடிக்கையைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறேன். வேடிக்கையைப் பற்றி எழுதுகிறவன் படிப்பவரைச் சிரிக்க வைக்கவேண்டும் என்பது நியதி. இக்கட்டுரையின் முற்பகுதியில் சிரிப்பு உண்டு. பிற்பகுதிக்கு நான் பொறுப்பேற்க முடியாது. ஏனெனில் அந்த வேடிக்கையைச் செய்தவன் நானே.

கணினி நிரல் எழுதும் தோழர்களுக்குக் 'கிட்' என்னும் பெயர் புதிதன்று. வரலாறும் இலக்கியமும் பயிலும் தோழர்களுக்காகச் சில வரிகள் சொல்லிவிடுகிறேன். மளிகைக் கடையில் பேரேடு இருப்பதுபோல நிரல் எழுதுவோருக்கும் ஒரு பேரேடு உண்டு. இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்னார், இன்ன காரணத்துக்காக, இந்த வரிகளை மாற்றினார் என்று அது குறித்துக்கொண்டே வரும். ஒவ்வொரு குறிப்பையும் 'கமிட்' என்பார்கள்; நான் பதிவு என்று சொல்லிக்கொள்கிறேன். லினக்ஸ் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதுவரை வேறொரு நிறுவனத்தின் பிட்கீப்பர் என்ற கருவியை இலவசமாகப் பயன்படுத்தி வந்தார். அந்தச் சலுகை நிறுத்தப்பட்டபோது, 2005 ஏப்ரலில், தாமே உட்கார்ந்து சில நாட்களில் கிட்டின் முதல் வடிவத்தை எழுதிவிட்டார். இன்று பெங்களூரில் நிரல் எழுதிப் பிழைப்போரில் பெரும்பாலோர் அந்தப் பேரேட்டில்தான் கையெழுத்திடுகிறார்கள். இயற்பியல் படிக்கும் நாங்களும் கணக்கீடுகளுக்காக அதையே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கிட்டில் ஒரு கட்டளை இருக்கிறது. அதன் பெயர் 'பிளேம்'. பழி! ஒரு கோப்பின்மீது அதை ஏவினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அந்த வரியைக் கடைசியாகத் தொட்டவர் பெயரும் தேதியும் வந்து நிற்கும். இதே வேலையைச் செய்ய, கிட்டுக்கு முந்திய சப்வெர்ஷன் என்ற கருவியிலும் கட்டளை உண்டு. அங்கே அதைப் 'பிளேம்' என்றும் அழைக்கலாம், 'ப்ரெய்ஸ்' என்றும் அழைக்கலாம். பழி என்று கேட்டாலும் புகழ் என்று கேட்டாலும் ஒரே விடைதான் வரும். எவ்வளவு பண்பட்ட ஏற்பாடு! கிட்டுக்கு மாறும்போது புகழை வழியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

2016இல் அமெரிக்க நிரலர் ஒருவர் ஒரு சிறு கட்டளையை எழுதி ஊருக்கு அளித்தார். 'கிட் பிளேம் சம்வன் எல்ஸ்' என்று பெயர். பழியை வேறொருவன்மேல் போடு என்று பொருள். யாருடைய பெயர் வேண்டும், எந்தப் பதிவின்மேல் வேண்டும் என்று இரண்டே செய்திகளைக் கொடுத்தால் போதும். பேரேட்டைத் திருப்பி எழுதி, உம்முடைய பிழைக்கு அடுத்தவன் பெயரை அது இட்டுவிடும். உலகெங்கும் நிரலர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்ததில் வியப்பென்ன? மூத்தவன் செய்த பிழை இளையவன் தலையில் விழுவதையும், இளையவன் செய்த நற்பணி மூத்தவன் பெயரில் ஏறுவதையும் காணாத அலுவலகம் உண்டா, ஆய்வுக்கூடம்தான் உண்டா? மனிதர்கள் கூட்டம் போட்டுப் பேசி, கோப்புகளை மாற்றி, பல நாள் பாடுபட்டுச் செய்கிற காரியத்தை ஒரு வரிக் கட்டளை ஒரு நொடியில் செய்துவிடுகிறதே என்ற சிரிப்பு அது. அந்தச் சிரிப்பை நானும் சிரித்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

முதுகலை வகுப்பில் மூவர் சேர்ந்து ஒரு சிறு ஆய்வு செய்யவேண்டியிருந்தது. முனைவாக்கிய ஒளியைப் பற்றிய ஆய்வு. அரை அலைத்தகடு என்னும் படிகத் தகட்டைச் சுழற்றிக்கொண்டே அப்பால் வரும் ஒளியின் செறிவை அளக்கவேண்டும். கணக்கீடு தரும் வளைகோட்டோடு ஒப்பிடவேண்டும். கணக்கீட்டு நிரலில் நாற்பது வரிகளை ஓர் இரவு அரைத் தூக்கத்தில் நான் எழுதினேன். பார்க்கவே சகிக்காத நிரல். பெயரிடப்படாத எண்கள், விளக்கமில்லாத சுருக்கங்கள், வேண்டாத இடைவெளிகள். பொங்கலுக்கு முந்திய வாரம் அது. எங்களில் ஒருவன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், அன்று மாலைதான் ஊருக்கு ரயிலேறியிருந்தான். அறையில் இருந்த இன்னொருவன் இந்த வேடிக்கைக் கட்டளையை எனக்குக் காட்டினான். "இந்தக் கோரத்தை அவன் பேர்ல போட்டுரு. வந்து பார்த்துட்டுக் குதிப்பான்" என்றான். போட்டேன். அந்தப் பதிவை இன்னும் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பியிருக்கவில்லை. பெயரை மாற்றிய பிறகே அனுப்பினேன். ஆகவே பழைய பெயரோடு ஒரு நகல் வேறெங்கும் இல்லை.

அவன் ஊரிலிருந்து வந்தான். அல்வாவும் கொண்டு வந்தான். அல்வா தீர்ந்தது. வேடிக்கையை அவனிடம் காட்டவேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் மறந்தே போயிற்று.

இரண்டு மாதம் சென்று அளவீடுகள் வந்தன. தகடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது ஒளிச்செறிவில் நான்கு முகடுகள் தோன்றின. எங்கள் நிரல் வரைந்த கோட்டில் இரண்டே முகடுகள். அரை அலைத்தகட்டை ஒரு கோணம் திருப்பினால் ஒளியின் முனைவுத் தளம் அதைப்போல் இரு மடங்கு திரும்பும். அந்த 'இரண்டு' நிரலில் இல்லை. ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. வழிகாட்டும் ஆசிரியர், வகுப்புத் தோழர்கள் பத்துப் பேர் பார்த்திருக்க, திரையில் பிளேம் கட்டளையை ஏவினார். வரி வரியாக என் நண்பன் பெயர் வந்து நின்றது.

ஆசிரியர் கடிந்து பேசுகிறவர் அல்லர். ஏன் இப்படி எழுதினாய், இரு மடங்கு என்பதை மறந்தாயா, அல்லது வேறேதாவது எண்ணி எழுதினாயா என்றுதான் கேட்டார். என் நண்பன் திரையைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பிறகு, ஆம், தான்தான் கவனமில்லாமல் எழுதிவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

நான் வாய் திறக்கவில்லை. அன்று திறக்கவில்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அவன் ஏன் ஒப்புக்கொண்டான்? இது எனக்கு முதலில் விளங்கவில்லை. எழுதாததை எழுதவில்லை என்று சொல்வதில் என்ன தடை? இரவு அவன் அறைக்குப் போனேன். அவன் தான் எழுதிய மற்றப் பகுதிகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து சரிபார்த்துக்கொண்டிருந்தான். "இதை எழுதின ஞாபகமே எனக்கு இல்லடா. ஞாபகமே இல்லாம இவ்வளவு தப்பா எழுதியிருக்கேன்னா, மத்ததுல என்னென்ன பண்ணியிருக்கேனோ" என்றான். தன் நினைவைவிடப் பேரேட்டை நம்பிவிட்டான் அவன். பேரேடு பொய் சொல்லாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

அன்றிரவே அவனிடம் உண்மையைச் சொன்னேன். மறுநாள் ஆசிரியரிடமும் சொன்னேன். என் சொல்லைத் தவிர ஆதாரம் ஏதும் காட்ட முடியவில்லை. கைவிடப்பட்ட பழைய பதிவுகளைக் கிட் சிறிது காலமே மறைவில் வைத்திருந்து பிறகு துடைத்துவிடும். என் கணினியில் துடைத்துவிட்டிருந்தது. ஆசிரியர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் கேட்டது வேறு கேள்வி: அந்தப் பேரேட்டில் உள்ள முந்நூறு சொச்சம் பதிவுகளில் இனி எவற்றை நம்புவது? எனக்கு விடை தெரியவில்லை. "அந்த ஒன்றுதான் சார், மற்றவை சரி" என்றேன். அதைச் சொல்வதற்கு நான் தகுதியுள்ளவன்தானா என்ற எண்ணம் சொல்லும்போதே எழுந்தது.

பெயர் எதற்காக இருக்கிறது என்று அதன் பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன். தண்டிப்பதற்கு ஆள் வேண்டும் என்பதற்காக என்று நினைத்திருந்தேன். 'பழி' என்ற கட்டளையின் பெயரும் அப்படித்தானே நினைக்கத் தூண்டுகிறது? ஆசிரியர் கேட்ட முதற் கேள்வியை நினைத்துப் பாருங்கள். ஏன் இப்படி எழுதினாய், வேறேதாவது எண்ணி எழுதினாயா? அந்தக் கேள்விக்கு விடை என் மண்டைக்குள் இருந்தது. கேள்வியோ வேறு வீட்டுக் கதவைத் தட்டியது. விடை தெரியாதவன் கதவைத் திறந்தான், தலை குனிந்தான். பெயர் என்பது கேள்வி போய்ச் சேரவேண்டிய முகவரி. முகவரியை மாற்றிவிட்டால் கேள்விகள் அநாதையாகிவிடும்.

நம் பழங்கதைகளிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. திருவிளையாடல் சொல்லும் தருமியை அறியாத தமிழர் யார்? வறுமைப்பட்ட அந்தப் புலவனுக்கு இறைவன் பாடல் எழுதிக் கொடுத்தான்; தருமி அதைத் தன் பாட்டாகவே பாண்டியன் அவையில் படித்தான். பரிசு கைக்கு எட்டும் நேரத்தில் நக்கீரர் குறுக்கிட்டார். நாம் பெரும்பாலும் அடுத்து வரும் நெற்றிக்கண் காட்சிக்கே தாவிவிடுகிறோம். நடுவில் உள்ள காட்சியில் கொஞ்சம் நின்று பாருங்கள். பாட்டில் பிழை என்கிறார் நக்கீரர். விளக்கம் சொல்லத் தருமிக்குத் தெரியவில்லை. எழுதாதவன் எப்படி விளக்குவான்? எழுதியவனே நேரில் வந்து வாதாட வேண்டியதாயிற்று. நண்பர்களே, இறைவனுக்கே அந்த நிலை! இன்னொன்றும் கவனியுங்கள். அந்தப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாம் பாடலாக இருக்கிறது. அங்கே அதன் கீழ் நிற்கும் பெயர் தருமி அன்று, இறையனார்.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களைப்பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மதிப்பு எழும்; இந்தச் சம்பவத்துக்குப் பின் அது பன்மடங்கு பெருகிற்று. அவர்கள் கையில் கிடைத்த சில பாடல்களுக்கு எழுதியவர் பெயர் தெரியவில்லை. அவர்கள் என்ன செய்திருக்கலாம்? கபிலர் தலையில் ஒன்று, பரணர் தலையில் ஒன்று என்று கட்டியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பாட்டிலேயே உள்ள ஓர் அழகிய தொடரை எடுத்து அதையே புலவருக்குப் பெயராக்கினார்கள். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்ற பெயர்களெல்லாம் அப்படி வந்தவையே. 'இவர் யாரென்று அறியோம், ஆனால் இது வேறொருவருடையது அன்று' என்பதை இதைவிட நேர்மையாகச் சொல்ல முடியுமா? பிற்காலத்தில் நாம் அவ்வளவு நேர்மையாக இருக்கவில்லை. அகத்தியர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களை எண்ணிப் பாருங்கள். பலவற்றின் மொழிநடையே அவை மிகப் பிந்தியவை என்று காட்டிக்கொடுத்துவிடும். எழுதிய வைத்தியர்களின் பெயர் போயிற்று. அந்த மருந்து எந்த நூற்றாண்டில், எவர் அனுபவத்தில் தேறியது என்று கேட்பதற்கும் ஆளில்லாமற் போயிற்று.

சரி, பேரேட்டுக்குத் திரும்புவோம். இவ்வளவு புத்திசாலித்தனமாகக் கட்டப்பட்ட கிட், யார் வேண்டுமானாலும் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும் என்று எப்படி விட்டுவைத்தது? முதற்பதிவு இடும்போது உன் பெயர் என்ன, மின்னஞ்சல் என்ன என்று கேட்கிறது. நீர் 'திருவள்ளுவர்' என்று எழுதினாலும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். இது கவனக்குறைவு என்று நெடுநாள் நினைத்தேன். காரணத்தைத் தெரிந்துகொண்டபோது வெட்கமாக இருந்தது.

லினக்ஸ் உலகெங்கும் பரவிய ஆயிரக்கணக்கானோர் எழுதுவது. ஒருவர் ஒரு திருத்தத்தை எழுதி மின்னஞ்சலில் அனுப்புவார். பொறுப்பாளர் ஒருவர் அதைச் சரிபார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார். ஏற்றியவர் பெயரே எழுதியவர் பெயராகவும் நின்றுவிட்டால் எழுதிய எளியவனுக்கு என்ன மிச்சம்? ஆகவே கிட் ஒவ்வொரு பதிவிலும் இரண்டு பெயர்களை வைக்கிறது. ஒன்று எழுதியவர் பெயர், மற்றொன்று ஏற்றியவர் பெயர். பொறுப்பாளர் தம் கையால் இன்னொருவர் பெயரை எழுதவேண்டும். அதற்கு இடம் கொடுத்தாகவேண்டும். அடுத்தவனுக்கு உரிய புகழை அவனுக்கே கொடுப்பதற்காகத் திறந்து வைத்த வாசல் அது. அதே வாசல் வழியாகத்தான் என் பழியை நான் அடுத்தவன் வீட்டுக்குள் தள்ளினேன்.

நான் தள்ளியது நாற்பது வரி. அதே வாசலில் வேறு சிலர் தள்ளியதையும் கேளுங்கள். இணையத்தின் பெரும்பகுதியை இயக்கும் பிஎச்பி என்னும் நிரல்மொழியின் மூலக் களஞ்சியத்தில் 2021 மார்ச் 28 அன்று இரண்டு பதிவுகள் ஏறின. ஒன்றில் அம்மொழியைப் படைத்த ராஸ்மஸ் லெர்டார்ஃபின் பெயர். மற்றொன்றில் அதன் முன்னணி நிரலர் நிகிதா பொப்போவின் பெயர். எழுத்துப் பிழை திருத்தம் என்று குறிப்பு. உள்ளே இருந்ததோ கள்ளச் சாவி! அது வெளியாகியிருந்தால், அந்தச் சாவி அறிந்தவன் அம்மொழியில் இயங்கும் தளங்களுக்குள் புகுந்து தன் விருப்பப்படி எதையும் ஏவியிருக்கலாம். இருவரும் அவற்றை எழுதவில்லை. இருவர் பெயரையும் யாரோ எடுத்தாண்டார்கள். மற்ற நிரலர்கள் கண்ணில் விரைவில் பட்டதால் கேடு வெளியே போகாமல் தடுக்கப்பட்டது. அதன் பின்னர் அவர்கள் தங்கள் சொந்தச் சேவையகத்தையே கைவிட்டுக் கிட்ஹப்புக்குக் குடிபெயர்ந்தார்கள். பெரிய பெயர் போட்டிருந்ததே, ஏன் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை? யார் எழுதினார் என்று பார்த்ததோடு நில்லாமல் என்ன எழுதினார் என்றும் படித்துப் பார்த்தார்கள். எங்கள் மூவர் குழுவில் அந்த நாற்பது வரியை இரண்டு மாதமாக ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை.

"விளையாட்டே கூடாதா? விஞ்ஞானிகள் சந்நியாசிகளா?" என்று தோழர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. ஆசிரியர் பெயரில் விளையாடியவர்கள் விஞ்ஞான உலகில் முன்பே இருக்கிறார்கள். 1975இல் ஹெதரிங்டன் என்ற அமெரிக்க இயற்பியலாளர், திட ஹீலியம் பற்றிய கட்டுரை ஒன்றைத் தட்டச்சு செய்து முடித்தார். முழுவதும் 'நாங்கள்' என்றே எழுதியிருந்தார். எழுதியவரோ ஒருவர், பத்திரிகை ஏற்காது என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். மறுபடி முழுவதையும் தட்டச்சு செய்யச் சோம்பி, தம் வீட்டுப் பூனையை இரண்டாம் ஆசிரியராகச் சேர்த்துவிட்டார்! எஃப். டி. சி. வில்லர்டு என்ற பெயரோடு அந்தப் பூனை 'பிசிக்கல் ரெவ்யூ லெட்டர்ஸ்' இதழில் இடம்பெற்றுவிட்டது. இதைக் கேட்டு நான் இன்றும் சிரிக்கிறேன். இதில் இழந்தவர் எவருமில்லை. பூனைக்குக் கொஞ்சம் புகழ் கூடிற்று. பூனை அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

இன்னொரு விளையாட்டைக் கேளுங்கள். ரால்ஃப் ஆல்ஃபர் என்ற மாணவர் தம் முனைவர் பட்டத்துக்காக, பேரண்டத்தின் தொடக்கத்தில் தனிமங்கள் தோன்றிய விதத்தை ஆராய்ந்தார். அவருக்கு வழிகாட்டி ஜார்ஜ் காமாவ், பெரும் நகைச்சுவையாளர். ஆல்ஃபர், காமாவ் என்ற இரு பெயரும் ஆல்பா, காமா என ஒலிக்கின்றன. இடையில் ஒரு பீட்டா இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று, அந்த ஆய்வில் பங்கே கொள்ளாத ஹான்ஸ் பெத்தேயின் பெயரைச் சேர்த்துவிட்டார். 1948 ஏப்ரல் முதல் தேதி இதழில் கட்டுரை வெளியாயிற்று. முட்டாள்கள் தினம்! உலகம் ரசித்தது. ஆல்ஃபர் ரசிக்கவில்லை. இரண்டு பெரிய பெயர்களுக்கு நடுவில் ஒரு மாணவன் பெயரை யார் கவனிப்பார்கள் என்று அவர் அஞ்சினார். அவர் அஞ்சியபடியே நெடுங்காலம் நடந்தது. அமெரிக்க அரசின் தேசிய விஞ்ஞானப் பதக்கம் அவருக்காக 2007 ஜூலையில் வழங்கப்பட்டபோது நேரில் செல்ல அவருக்கு உடல்நலம் இல்லை. மகன் போய்ப் பெற்றுக்கொண்டார். அடுத்த மாதம் ஆல்ஃபர் காலமானார். பூனைக்கும் பெத்தேக்கும் என்ன வேறுபாடு என்று என்னைக் கேட்டால், விளையாட்டின் செலவை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள் என்பேன். முன்னதில் விளையாடியவரே கொடுத்தார். பின்னதில் பேராசிரியர் விளையாடினார், மாணவன் கொடுத்தான்.

நாங்கள் ஆராய்ந்தது முனைவாக்கிய ஒளியை என்றேன் அல்லவா? அந்தத் துறையில் இந்தப் பெங்களூருக்கே ஒரு வரலாறு உண்டு. சர் சி. வி. ராமனின் சகோதரி மகன் பஞ்சரத்தினம், ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்துகொண்டு, 1956இல், தம் 22ஆம் வயதில், ஒளியின் முனைவு நிலை ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய நிலைக்கே மீளும்போது அலைக் கட்டத்தில் ஒரு மாற்றம் எஞ்சி நிற்கும் என்று கண்டார். இந்திய விஞ்ஞான அகாதெமியின் நடவடிக்கை ஏட்டில் அது வெளியாயிற்று. பலர் கவனிக்கவில்லை. 1969இல், 35 வயதில், ஆக்ஸ்ஃபோர்டில் அவர் மறைந்தார். 1984இல் மைக்கேல் பெரி என்ற ஆங்கிலேய அறிஞர் குவாண்டம் கொள்கையில் இதையொத்த பொதுவான உண்மையைக் கண்டு புகழ் பெற்றார். 1986இல் இதே பெங்களூரைச் சேர்ந்த ராமசேஷனும் நித்தியானந்தாவும், இதன் ஓர் உருவம் முப்பது ஆண்டுக்கு முன்பே இங்கே எழுதப்பட்டுவிட்டது என்று எடுத்துக்காட்டினார்கள். பெரியும் அதை மனமுவந்து ஏற்று, பஞ்சரத்தினத்தின் ஆய்வைப்பற்றி அடுத்த ஆண்டே தாமும் எழுதினார். இன்று அது இருவர் பெயரையும் சேர்த்தே வழங்குகிறது. இறந்து பதினேழு ஆண்டு கழிந்த ஒருவருக்காக வாதாட முடிந்தது எப்படி? 1956 என்ற ஆண்டும் பஞ்சரத்தினம் என்ற பெயரும் ஏட்டில் இருந்தபடியே இருந்தன. நூலகத்தில் தூசி படிந்திருந்தது. ஆனால் யாரும் அதில் கைவைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சொந்தச் செய்தியையும் சொல்ல ஆசை. தமிழர்களாகிய நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே நம் தலைப்பெழுத்து. வெளி இதழ்களோ கடைசிப் பெயர் கொடு என்று வற்புறுத்துகின்றன. ஒரு மாநாட்டுச் சுருக்கத்துக்கு என் தந்தை பெயரைக் கடைசிப் பெயராகக் கொடுத்தேன். இப்போது அந்தச் சுருக்கத்தைக் குறிப்பவர்கள் அவர் பெயரையே குறிக்கிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மாந்தோப்புக் காவல் காக்கும் மனிதர், முனைவாக்கிய ஒளியில் ஆய்வாளர் ஆகிவிட்டார்! அவரிடம் சொன்னபோது, "தப்பு ஏதாச்சும் இருந்தா என்னைத்தான்டா பிடிப்பாங்க?" என்று கேட்டார். படித்த நாங்கள் மூவரும் எண்ணாத கேள்வியைத்தான் அவர் முதலில் எண்ணினார்.

"பெயரே இல்லாமல் செய்துவிட்டால் பழிக்கு வழி ஏது?" என்று ஒரு தோழர் என்னிடம் வாதாடினார். பெரிய நிறுவனங்களில் இப்போது பழி சுமத்தாமல் விசாரிக்கும் முறை வந்திருக்கிறது என்பதும் அவர் வாதம். முறை நல்ல முறைதான், வரவேற்கிறேன். ஆனால் அங்கேயும் பிழை நேர்ந்த விதத்தை அதைச் செய்தவர் வாயாலேயே கேட்கிறார்கள். தண்டனைக்கு அஞ்சாமல் அவர் சொல்லட்டும் என்பதற்காகத்தான் பழியை நீக்குகிறார்கள். அவர் யாரென்றே தெரியாவிட்டால் யாரைக் கேட்பது? அச்சத்தை நீக்கவேண்டியதுதான்; அதற்காக ஆளையே நீக்குவானேன்? பிளேம் கட்டளையின் விடையை முழு உண்மையாகக் கொள்வதும் தவறு. அது கடைசியாகத் தொட்டவனையே காட்டும். ஒருவன் இடைவெளியை மட்டும் சீர்செய்தாலும் வரி அவன் பெயருக்கு மாறிவிடும். இப்படிப்பட்ட பதிவுகளைக் கணக்கில் கொள்ளாமல் விட 2019 முதல் கிட்டிலேயே ஏற்பாடு இருக்கிறது, பயன்படுத்துவோரைத்தான் காணோம்.

கையொப்பமிடும் வழியும் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளின் இறுதியில், 'இவை இன்னார் எழுத்து' என்று ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பமிட்டிருப்பதைக் காணலாம். கிட்டிலும் அப்படித் தன்னிடம் மட்டுமே உள்ள இரகசியத் திறவுகோலால் ஒவ்வொரு பதிவுக்கும் ஒப்பமிடலாம். கிட்ஹப் 2016 முதல் அவ்வொப்பத்தைச் சரிபார்த்து அடையாளம் காட்டுகிறது. அன்றாடம் சேவையகங்களில் நுழையப் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் திறவுகோலாலேயே ஒப்பமிடும் வசதி 2021இல் வந்தது. அமைத்துக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும். நான் இப்போது ஒப்பமிட்டே எழுதுகிறேன். ஆனால் அன்றைக்கு ஒப்பமுறை இருந்திருந்தால் மட்டும் என் நண்பன் தப்பியிருப்பானா? ஒப்பம் இல்லாத பதிவைக் கண்டு யாராவது ஐயப்பட்டிருந்தால் தப்பியிருப்பான். பழைய பேரேட்டில் ஒருவர் பதிவிலும் ஒப்பம் கிடையாது. எனவே ஒன்றில் இல்லாதது ஒருவர் கண்ணையும் உறுத்தியிராது. அடுத்த ஆண்டு இந்த ஆய்வை எடுக்கும் இளையவர்கள் முதல் நாளிலிருந்தே அனைவரும் ஒப்பமிட்டுத் தொடங்கவேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.

எங்கள் பேரேடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மீண்டும் அதே கட்டளையை ஏவி, அந்தப் பதிவை என் பெயருக்கு மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் முனைந்தேன். நண்பன் தடுத்துவிட்டான். "ஒரு தடவை அழிச்சு எழுதினது போதும்டா. அதுக்கு மேல வந்த பதிவெல்லாம் மறுபடி புரளும்" என்றான். அவன் சொன்னதில் விஞ்ஞானமும் இருந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கம், பெயர், தேதி, முந்திய பதிவு ஆகிய அனைத்தையும் சேர்த்துக் கணித்த ஓர் அடையாள எண் உண்டு; அடியில் ஒரு பெயரை மாற்றினால் அதன்மேல் ஏறிய அத்தனை பதிவுகளின் எண்ணும் மாறிவிடும். ஆகவே பதிவைத் தொடாமல் அதனோடு ஒரு குறிப்பை மட்டும் இணைக்கும் வசதியைப் பயன்படுத்தி, இவ்வரிகளை எழுதியவன் நான், பெயர் மாற்றியவனும் நான் என்று தேதியிட்டு எழுதி வைத்தேன். விடுபட்ட 'இரண்டை' நண்பனே தன் கையால் சேர்த்தான். அந்த ஒரு வரியில் மட்டும் அவன் பெயர் முறைப்படி நிற்கிறது. மற்ற முப்பத்தொன்பது வரிகளிலும் அவன் பெயரே நிற்கிறது. பிளேம் கட்டளை என் குறிப்பைக் காட்டுவதில்லை. தேடிப் போய்க் கேட்பவர்களுக்குத்தான் அது தெரியும்.